பைச் செலவு

எங்கள் பலசரக்குக் கடையின் கணக்கு நோட்டில் 'பைச் செலவு' என்று ஒரு வரி 1990கள் வரை கிடையாது. கடை வாடகை, கரண்ட் பில், கீழமாசி வீதியிலிருந்து சரக்கு ஏற்றிவரும் வண்டிக் கூலி, எடைக்கல்லுக்கு முத்திரை போட்ட செலவு, பழைய பேப்பர், நூல்கண்டு என்று அப்பா ஒவ்வொரு நாளும் எழுதிவைத்த செலவுகளில் பை இல்லை. சாமான் வாங்க வருகிறவர் கையில் பையோடு வருவார். அப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கடையில் யாரும் எழுதி ஒட்டவும் இல்லை.

மதுரையில் செல்லூர்ப் பக்கம் இருந்த சிறிய கடை அது. மாதச் சாமானுக்கு வருகிற வீட்டுக்காரர்கள் அரிசிக்கு ஒரு சாக்குப்பை, மற்றவற்றுக்கு ஒரு துணிப்பை, எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில் என்று கொண்டுவருவார்கள். பாட்டிலின் கழுத்தில் சுருக்குப் போட்ட கயிறு இருக்கும், விரலில் மாட்டிக்கொண்டு போக. அப்பா புனலை வைத்து நல்லெண்ணெய் ஊற்றிவிட்டு, கடைசிச் சொட்டு இறங்கும்வரை புனலைப் பிடித்தபடி நிற்பார். எத்தனை பேர் காத்திருந்தாலும் அதில் அவசரப்பட மாட்டார். பருப்பும் மல்லியும் வற்றலும் பேப்பர்ப் பொட்டலத்தில் போகும். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடித்து, சாமானைக் கொட்டி, வாயை மூடி, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றி, விரலாலேயே அறுத்துவிடுவார். சீரகம், மிளகு போன்ற சில்லறைச் சாமானுக்குப் பள்ளிக்கூட நோட்டின் தாள். கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வரும், ஓலையோடு போகும். பொட்டலத்து நூலை வீடுகளில் உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். தாள் அடுப்புக்கு. ஓலையும் அங்கேயே போய்ச் சேரும்.

எல்லாமே சுகமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. மழையில் பொட்டலம் ஊறி உடைந்து பருப்பு தெருவில் கொட்டியிருக்கிறது. எண்ணெய்ப் பாட்டில் நழுவிக் கடை வாசலில் உடைந்திருக்கிறது. அச்சடித்த தாளில் உணவுப் பண்டத்தைக் கட்டுவது உடம்புக்கு நல்லதல்ல என்று இன்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிறது; அது சரிதான். சுமை முழுவதும் வாங்குகிறவர் கையில், பெரும்பாலும் பெண்கள் கையில், இருந்தது. ஆனால் சாமான் வீடு போய்ச் சேர்ந்த பிறகு தெருவில் எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கும் செல்லூரில் மழைக்காலத்தில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பும். அதில் மிதந்தவை இலையும் மட்டையும்தான்.

பொங்கலுக்கு முன்பு அப்பா மஞ்சப்பை அச்சடிப்பார். காடாத் துணி, மஞ்சள் சாயம், பச்சை எழுத்தில் கடைப் பெயர். மாதக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு காலண்டரும் ஒரு பையும் இலவசம். அது விளம்பரச் செலவு. அப்பா அதை அப்படித்தான் எழுதினார். கொடுத்த பை ஒவ்வொரு மாதமும் கடைக்குத் திரும்பி வந்தது, அடுத்த மாதச் சாமானுக்காக. ஜவுளிக்கடைகளும் கொடுத்தன. கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் இருக்கும். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் அதே பை சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். காது அறுந்தால் அம்மா வேறு துணி வைத்துத் தைத்தார். தைக்கவே முடியாத நிலை வந்தபோது அது அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணி ஆனது.

அந்தப் பையைத்தான் ஊர் கேலி செய்தது. கிராமத்திலிருந்து மஞ்சப்பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வேலை கேட்டு நகரத்துக்கு வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 'மஞ்சப்பை' என்பது ஆளின் பெயராகவே ஆனது, விவரம் தெரியாதவன் என்ற பொருளில். எத்தனை பேர் அந்தச் சிரிப்புக்குப் பயந்து பையைக் கைவிட்டார்கள் என்று கணக்கெடுக்க வழியில்லை. என் கல்லூரிக் காலத்தில் எங்கள் தெருவில் இளவட்டம் யாரும் துணிப்பையோடு கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

வெறுங்கைக்குப் பதில் சொல்லத்தான் கடையில் ஓர் ஆணி அடிக்கப்பட்டது. அதில் கொத்தாகப் பாலிதீன் கவர்கள். தொட்டாலே சரசரக்கும் அந்தக் கவர் சுவீடனில் பிறந்தது. செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டென் குஸ்தாஃப் தூலின் என்ற பொறியாளர், மடித்து ஒட்டி வெட்டினால் கைப்பிடியோடு வரும் ஒற்றைத் துண்டுப் பையை உருவாக்கினார். 1965 இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உருவாக்கியவர் மனத்தில் அது தூக்கி எறியும் பொருளாக இருக்கவில்லை. 1990களில் நம் நாட்டிலேயே பாலிஎத்திலீன் உற்பத்தி பெருகி விலை இறங்கியபோது, அது எண்ணிப் பார்க்கவும் தேவையில்லாத பொருளாகிவிட்டது. மொத்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்குவோம். ஒரு கிலோவில் சிறிய கவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

அப்போதுதான் நோட்டில் அந்த வரி முளைத்தது. வாரத்துக்கு வாரம் ஏறியது. அப்பா அதை லாபத்திலிருந்து கொடுக்கவில்லை; கொடுக்க முடியாது, பலசரக்கில் அவ்வளவு லாபம் இல்லை. துவரம்பருப்பில் கொஞ்சம், எண்ணெயில் கொஞ்சம் என்று விலையில் ஏற்றினார். எல்லாக் கடைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். அம்மா ஒரு நாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாசாமாசம் பை கொண்டாற்ற அந்த டீச்சரம்மாவும் இந்த வெலைதான குடுக்குறாங்க? அப்ப அடுத்தவங்க கவருக்கு அவங்கதான காசு குடுக்குறாங்க?" அப்பாவிடம் பதில் இல்லை. எதிர்க் கடையில் கவர் கொடுக்கும்போது நாம் மட்டும் எப்படி நிறுத்துவது என்றார்.

அம்மாவின் கேள்வியில்தான் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இலவசப் பை என்று ஒன்று இருந்ததே இல்லை. பை கொண்டுவந்தவர், கொண்டுவராதவருக்குச் சேர்த்துக் காசு கொடுத்தார். அது கடைக்குள் நடந்த பாதி. மீதிப் பாதி வெளியே நடந்தது. வாய்க்காலில் இறங்கி அடைப்பை எடுத்த துப்புரவுத் தொழிலாளி தன் உடம்பால் கொடுத்தார். வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் மூச்சால் கொடுத்தார்கள். தெருவில் மேய்ந்த மாடு வயிற்றால் கொடுத்தது. கவரை வாங்கி வீட்டுக்குப் போனவர் மட்டும்தான் எதுவும் கொடுக்கவில்லை.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1999 இல் கேரி பேக் குறைந்தது 20 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. 2011 இல் அது 40 ஆனது, 2016 இல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. தடிமனைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்குக் காரணம் உண்டு. மெல்லிய கவரைக் குப்பை பொறுக்குகிறவர் தொடமாட்டார். நாளெல்லாம் பொறுக்கினாலும் எடை சேராது, பழைய இரும்புக் கடையில் காசு வராது. தடித்த பை என்றால் எடுப்பார். கடைக்காரருக்கும் தடித்த பையைச் சும்மா கொடுக்கக் கை வராது. இவ்வளவும் சரியான யோசனை. ஆனால் மைக்ரான் அளக்கும் கருவி எந்தப் பலசரக்குக் கடையில் இருந்தது? பையில் அச்சடித்திருந்த எண்ணைத்தான் நாங்கள் நம்பினோம். பல பைகளில் அதுவும் இருக்காது.

2011 பிப்ரவரியில் வந்த விதியில்தான் முதல்முறையாக அந்த வாசகம் இருந்தது: எந்தச் சில்லறைக் கடைக்காரரும் பிளாஸ்டிக் பையை இலவசமாகத் தரக்கூடாது, குறைந்தபட்ச விலையை உள்ளாட்சி அமைப்பு நிர்ணயிக்கலாம். அப்பா செய்தியைப் படித்துவிட்டு மகிழ்ந்தார். அம்மாவின் கேள்விக்கு அரசே பதில் சொல்லிவிட்டது என்றார். அட்டையில் 'கவருக்கு ஒரு ரூபாய்' என்று எழுதித் தராசுக்கு மேலே கட்டினார்.

முதல் வாரமே தகராறு. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆயிரம் ரூவாய்க்குச் சாமான் வாங்குறேன். ஒத்த ரூவா கவருக்குக் கணக்குப் பாக்குறீங்க?"

"தம்பி, இம்புட்டு நாளும் பருப்பு வெலையில சேத்து வாங்கிட்டேன். இப்பத் தனியாக் கேக்குறேன். பை கொண்டாந்தீங்கன்னா அந்த ஒரு ரூவா ஒங்க கையிலதான்."

அவர் கட்டிய சாமானை அப்படியே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அங்கே கவர் சும்மா. எங்கள் தெருவுக்கு விலையை நிர்ணயிக்க யாரும் வரவில்லை, எதிர்க் கடையைக் கேட்கவும் யாரும் வரவில்லை. தனியாக நிற்கிற கடைக்காரரால் எவ்வளவு நாள் தாங்க முடியும்? அந்தத் தீபாவளிக்குள் அப்பா அட்டையைக் கழற்றிவிட்டார்.

2016 விதி இன்னொரு வழியில் போனது. பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து, மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பெரிய கடைக்கு அது ஒரு தொகையே இல்லை. எங்களைப் போன்ற கடைக்கும் தள்ளுவண்டிக்கும் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 2018 மார்ச்சில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். ஆக, பைக்கு விலை வைக்கும் கடமை சட்டப் புத்தகத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போய்விட்டது.

வேறு இடங்களில் பைக்கு விலை வைப்பது பலித்திருக்கிறது. அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. ஓராண்டுக்கு ஒருவர் ஏறத்தாழ 328 பை வாங்கிக்கொண்டிருந்த நாட்டில் அது 21 ஆக இறங்கியது. மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007 இல் 22 சென்ட் ஆக்கினார்கள். தொகையைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு மூன்று ஏற்பாடுகளை. எல்லாக் கடைக்கும் ஒரே வரி, ஒரே நாளில். கடைக்காரர் அதைத் தானே ஏற்றுக்கொண்டு வாடிக்கையாளரை மகிழ்விக்கக் கூடாது; ரசீதில் தனி வரியாகக் காட்டி வசூலிக்க வேண்டும். வந்த பணம் கடைக்குப் போகாது, சுற்றுச்சூழல் நிதிக்குப் போகும். தமிழர்கள் நிறைய வாழும் பினாங்கில் 2009 இல் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் பை கேட்டால் 20 சென் என்றார்கள். அந்தப் பணம் வறுமை ஒழிப்பு நிதிக்குப் போனது. அப்பா 2011 இல் கட்டிய அட்டையில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குப் பின்னால் இந்த மூன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் 2018 ஜூன் 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. எந்தத் தடிமன் ஆனாலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது. துணி போலவே தோற்றமளிக்கும் நெய்யாத பையும் கூடாது, அதுவும் பாலிபுரப்பிலீன்தான் என்பதால். முதல் சில மாதங்கள் மதுரை மாறியது. ஹோட்டலுக்குத் தூக்குவாளியோடு போனவர்களைப் பார்த்தேன். கறிக்கடையில் தேக்கு இலை மீண்டும் வந்தது. அந்த மாதங்களில் அப்பா உயிரோடு இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் பையோடு போகிறவர்களை எனக்குச் சுட்டிக் காட்டுவார். பிறகு தொற்றுக்காலம் வந்தது. எல்லாவற்றையும் மூடிக் கட்டித் தர வேண்டும் என்ற பயம் வந்தது. பாலிதீன் கவர்கள் திரும்பி வந்தன, இன்னும் மெல்லியதாக.

பெரிய கடைகள் வேறு வழி பிடித்தன. பில் போடுகிற இடத்தில் "சார், பை வேணுமா?" என்று கேட்கிறார்கள். காகிதப் பை ஒரு விலை, துணிப்பை ஒரு விலை. கேட்பது நல்லது. என்னை உறுத்துவது அந்தப் பையின் இரண்டு பக்கமும் கடையின் பெயர் பெரிதாக அச்சடித்திருப்பது. என் அப்பா தன் பெயரை ஊருக்குச் சுமக்கச் சொன்னபோது பையைச் சும்மா கொடுத்தார். இன்று நாம் காசு கொடுத்து இன்னொருவர் பெயரைச் சுமக்கிறோம். சண்டிகரில் ஒருவர் இதை நுகர்வோர் மன்றத்துக்கே கொண்டுபோனார். காலணிக் கடையில் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்காக 2019 இல் அந்த நிறுவனம் 9,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையமும், முன்கூட்டிச் சொல்லாமல் பணம் கட்டும் இடத்தில் பைக்கு விலை கேட்பது முறையற்ற வணிகம் என்றது. விளம்பரத்தைப் பற்றிய கோபம் எனக்கும் உண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் சரி. ஆனால் பையை இலவசமாகக் கொடுத்துவிடுவதுதான் பரிகாரம் என்றால், நாம் அம்மாவின் கேள்விக்கே திரும்பிவிடுகிறோம். விலை இருக்கட்டும். பெயர் அச்சடிக்காத பையாக இருக்கட்டும். அந்தப் பணம் அந்த வட்டாரத்தின் வாய்க்காலைச் சுத்தம் செய்கிறவரின் கையுறைக்கும் காலணிக்கும் கூலிக்கும் போகட்டும். இன்று அது கடையின் வரவாகத்தானே போகிறது?

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கேலிப் பெயரையே அரசு தன் இயக்கத்துக்குப் பெயராக வைத்தது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். சென்னை போனபோது நானும் நாணயம் போட்டு ஒன்று வாங்கினேன். நல்ல துணி, அழுத்தமான தையல். அப்பா பார்த்திருந்தால் துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு விலை கேட்டிருப்பார்.

துணிப்பை பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2018 இல் டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, பருத்திக்கான நீரும் மின்சாரமும் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. தெருவிலும் வாய்க்காலிலும் சிதறுவதால் வரும் கேடு அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. மதுரைக்கு அந்தக் கேடுதான் முதன்மையானது. ஆனாலும் அந்த எண்ணை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் பையை மறந்துவிட்டுப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினால், வீட்டுக் கதவுக்குப் பின்னால் துணிப்பை மலையாகச் சேரும். என் உறவினர் வீடுகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது. வாங்குவதால் எந்தப் பையும் நல்ல பை ஆகிவிடாது. அம்மா காது தைத்த பைகள் எத்தனை ஆயிரம் முறை சந்தைக்குப் போயிருக்கும்!

இப்போது மதுரையில் நிலைமை இதுதான். அரசு வாங்கச் சொல்கிற பைக்குக் காசு. அரசு தடை செய்த கவர் தெருமுனையில் இலவசம். உழைக்கிற பைக்கு 10 ரூபாய் கொடுக்க யோசிக்கிற அதே கை, நூறு ஆண்டு மண்ணில் கிடக்கும் கவரைக் கேட்டு வாங்குகிறது. விலை என்ற ஒன்று எதைத் தடுக்க வேண்டுமோ அதைத் தடுக்காமல், எதை வளர்க்க வேண்டுமோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இந்தக் கழிவுக் கவரைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியில் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடலாம் என்று காட்டினார். 2018 இல் பத்மஸ்ரீ பெற்றார். மதுரைக்குப் பெருமைதான். ஆனால் சாலைக்குப் போக வேண்டுமென்றால் கவர் முதலில் யாரோ ஒருவர் கையால் பொறுக்கப்பட்டு, மண் நீக்கப்பட்டு, உலர்த்தப்பட வேண்டும். அந்தக் கைக்கு யார் கூலி கொடுப்பது என்பதற்குத்தான் பைக் கட்டணம் தேவைப்படுகிறது.

சென்ற மாதம் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வெளியே மல்லிகை வாங்கினேன். பூக்கார அம்மா நான் நீட்டிய மஞ்சப்பையைப் பார்த்தும், பூவை முதலில் கவரில் போட்டுத்தான் கொடுக்கப் பார்த்தார். பூ கசங்கிவிடும் என்றார். முன்பெல்லாம் இலையில்தானே கட்டுவீர்கள், கவருக்கு நீங்கள் ஏன் காசு கேட்பதில்லை என்று கேட்டேன். அவருக்குக் கோபமில்லை, என்னைவிட நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

"நான் மட்டும் கேட்டா அடுத்த கூடைக்குப் போயிருவாகய்யா. எல்லாரும் ஒரே நாள்ல கேக்கட்டும், நானும் கேக்குறேன். ஆபீசருக வந்தா என் கவரை மட்டும் பிடுங்கிட்டுப் போறாக, கட்டுக்கட்டா விக்கிற எடத்துக்குப் போறதில்ல. எலையில கட்டலாம்யா, பூவுக்கும் அதுதான் நல்லது. காலையில தாமரை எல கொண்டாந்து போடுறவர் ஒருத்தர் இருந்தாரு. வாங்க ஆளில்லன்னு அவரு நிறுத்திட்டாரு. மொதல்ல அவர வரச் சொல்லுங்க."